கண்ணாடிக்குப் பின்புறம்

தன்னை அறிவதே ஞானத்தின் முடிவு என்று சாஸ்திரங்கள் சொல்ல, அந்த அறிவுக்குக் கண்ணாடியையே குறியாக நிறுத்திய பெரியோரும் நம் தென்னாட்டில் இருந்திருக்கிறார்கள். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரின் வழிவந்தோர் கண்ணாடியின் எதிரே நின்று வணங்குகிறார்கள்; சேர்த்தலையை அடுத்த களவங்கோட்டில் ஸ்ரீ நாராயண குரு 1927ஆம் ஆண்டில் விக்கிரகம் இருக்கவேண்டிய ஸ்தானத்தில் ஒரு கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். தெய்வத்தைத் தேடி வந்தவன் தன் பிரதிபிம்பத்தைக் கண்டு தனக்குள் திரும்பவேண்டும் என்பது அதன் தாத்பரியம். ஆயினும், கண்ணாடியைத் தாங்கி நிற்கும் மரத்தையும் திருகையும் யார் கவனிப்பது, அப்படிக் கவனிப்பவனுக்கு ஞானத்தில் பங்கு உண்டா என்ற கேள்வி, அற்பமாகத் தோன்றினாலும், சைவ சித்தாந்திகள் நெடுங்காலமாக வேறு பெயரில் விசாரித்துவந்த கேள்விதான்.

திருமங்கலத்துப் பழைய வீடுகளில், கலியாணச் சீராக வந்திறங்கிய கண்ணாடிக் கதவு அலமாரியை இன்றும் காணலாம். அதில் முதலில் தளர்வது கைப்பிடிக் குமிழ். குண்டாற்றங்கரை வெயிலில் காய்ந்து சுருங்கும் மரம் ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உப்ப, திருகு நின்ற துளை வருஷத்துக்கு வருஷம் அகன்றுகொண்டே போகிறது. கதவைத் திறப்பவரின் கை குமிழின்மேல் இருந்தாலும் கண் முகத்தின்மேல் இருப்பதால், அது கையோடு கழன்று வரும்வரை ஒருவரும் அதை அறிவதில்லை.

பழுது பார்க்கப் புகுந்தால், திருகின் தலை முகப்பில் இல்லை. கதவைத் திறந்து கண்ணாடிக்குப் பின்புறம் போகவேண்டும். ஒரு கையால் முன்னே குமிழை அசையாமல் பற்றிக்கொண்டு மறுகையால் பின்னே திருப்புளியைத் திருப்பினால்தான் திருகு பிடிக்கும்; பற்றாவிட்டால் குமிழும் கூடவே சுழலும். துளை பெருத்திருந்தால் திருகின் தலைக்கு அடியில் அகலமான வாஷர் வேண்டும். மரக்குமிழாக இருந்து அதன் புரி தேய்ந்திருந்தால், மருந்தைக் கிள்ளியெறிந்த தீக்குச்சி ஒன்றிரண்டைப் பசை தடவிச் செருகிக் காயவிட்டு மறுபடி முடுக்கலாம். சிவகாசிச் சாலையில் இருக்கும் ஊருக்குத் தீக்குச்சிக்கா பஞ்சம்!

இந்தக் கைவேலைக்கு ஞானத்தில் பங்கு உண்டா என்ற கேள்விக்கு வருவோம். சைவ சித்தாந்திகள் சொல்லும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளில், கைத்தொண்டாகிய சரியையை அப்பர் சுவாமிகளுக்கு உரியதாகச் சொல்லிவிட்டு, அதுவே பக்குவம் குறைந்தோரின் முதற்படி என்றும் சொல்லும் வழக்கம் எனக்கு ஒருபோதும் உடன்பாடானதன்று. திருப்புகலூரில், வாழ்நாளின் இறுதிக் கட்டத்திலும், அவர் கையில் உழவாரம் இருந்தது. புல்லோடும் பருக்கைக் கல்லோடும் பொன்னும் மணியும் தோன்றியபோது அவற்றையும் அந்த உழவாரத்தாலேயே வாரிக் குளத்தில் எறிந்தார் என்று பெரிய புராணம் கூறுகிறது. ஞானம் கனிந்தவர் விடாத ஒன்றைப் படி என்று எப்படிச் சொல்வது? கண்ணாடியின் எதிரே நிற்பவன் தன்னை மறக்கப் பெரும் பிரயத்தனம் செய்யவேண்டியிருக்க, பின்புறம் நின்று திருகுபவனுக்கோ மரத்தின் கணுவும் திருகின் துருவும் அன்றி வேறு எதுவும் தென்படுவதில்லையாதலால், அந்த மறதி கேளாமலே சித்திக்கிறது.

அகங்காரம் அங்கும் நுழையாமல் இல்லை. வேலை முடிந்து முன்பக்கம் வந்ததும், குமிழை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டாத மனிதனை நான் கண்டதில்லை. வந்தவர்களோ குமிழை ஏறிட்டும் பாராமல், கொஞ்சம் விலகி நிற்கச் சொல்லிவிட்டுத் தலையை வாரிக்கொள்கிறார்கள்.