எண்ணிக்கையும் நிலப்படமும்

சென்று வந்த இடங்களை எண்ணி வைப்பதற்கும் அவற்றை நிலப்படத்தில் குறித்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், வாழ்ந்த நாட்களை மனிதர் எந்த வடிவில் நினைவுகொள்வது என்னும் கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது. இக்கேள்வியை ஆராய ஜியோகேச்சிங் என்னும் தேடல் விளையாட்டு நல்ல களம். ஒருவர் மூடியிட்ட பெட்டியொன்றை எங்கேனும் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை இணையத்தில் அறிவிக்கிறார். பிறர் செயற்கைக்கோள் சமிக்ஞைகளைக் கொண்டு இருப்பிடத்தைக் கணிக்கும் ஜிபிஎஸ் கருவியுடன் தேடிச் சென்று, உள்ளிருக்கும் பதிவேட்டில் பெயரும் தேதியும் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கின்றனர்.

பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் பாதுகாப்புக் காரணங்களுக்காக வேண்டுமென்றே புகுத்தி வந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியபோது, ஏறத்தாழ 100 மீட்டர் வரை தவறிய இடக்கணிப்பு 20 மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. உடனடியாக, மே 3ஆம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே வாளியொன்றை மறைத்து வைத்து அவ்விடத்தின் அளவுகளை வெளியிட்டார். இதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1854இல், இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, நடந்தன்றி அடைய முடியாத கிரான்மியர் குளத்தில் ஒரு புட்டியை வைத்து, வந்து சேர்ந்தோர் தம் பெயர்ச்சீட்டை அதில் இட்டுச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கியிருந்தார். இரண்டிலும் செய்கை ஒன்றே: சென்றவர் தம் பெயரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்புகிறார். ஆகவே, கண்டதற்கான சான்று கண்டவரிடம் இருப்பதில்லை. அது புகைப்படச் சுருள் டப்பாவொன்றுக்குள் விரலகலத் தாளாகச் சுருண்டு, ஈரம் பட்டு எழுத்து மங்கி, ஏதோ ஒரு கல்வேலியின் இடுக்கில் கிடக்கிறது.

தேடுபவரிடம் எஞ்சுவது, எத்தனை பெட்டிகளைக் கண்டார் என்று விளையாட்டின் இணையதளம் காட்டும் ஓர் எண் மட்டுமே. ஊர்ப் பேருந்து நிழற்குடையின் அடியில் இரண்டு நிமிடத்தில் கிடைத்த டப்பாவும், சதுப்பு நிலத்தில் அரை நாள் நடந்து அடைந்த பெட்டியும் அந்த எண்ணில் ஒன்று, ஒன்று என்றே சேர்கின்றன. பெரிய தாளில் அச்சிட்ட நிலப்படம் ஒன்றை உருவாக்க விழையும் தேடுநர், உண்மையில், இந்தச் சமன்பாட்டை ஏற்க மறுப்பவர். தளம் தரும் கண்டெடுப்புக் கோப்பை, அதாவது ஒவ்வோர் இடத்தின் பெயரும் அளவுகளும் அடங்கிய ஜிபிஎக்ஸ் வகைக் கோப்பை, கியூஜிஐஎஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் திறந்து, தன்னார்வலர்கள் தொகுத்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவின்மீது புள்ளிகளாக இடுவது நடைமுறையில் கடினமன்று. திரைக்கென அமைந்த படத்தை அப்படியே பெரிதாக்கினால் ஊர்ப்பெயர்கள் மங்கிவிடும் என்பதால், கோடுகளும் எழுத்துகளும் எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டர் வடிவில் அச்சகத்துக்குக் கொடுப்பது நல்லது.

கடினமானது அளவுத்திட்டத்தைத் தீர்மானிப்பதே. நிலத்தின் நீளம் தாளில் எத்தனை பங்காகச் சுருங்குகிறது என்பதே அளவுத்திட்டம். 841 மில்லிமீட்டர் அகலமும் 1189 மில்லிமீட்டர் உயரமும் உடைய ஏ0 தாளில் 1:50,000 என்னும் திட்டத்தைக் கொண்டால், ஏறத்தாழ 42 கிலோமீட்டருக்கு 59 கிலோமீட்டர் நிலம் அடங்கும். டார்ட்மூர் தேசியப் பூங்கா முழுவதையும் அதில் காட்டிவிடலாம். இவ்விளையாட்டின் விதிப்படி இரு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். அது இத்தாளில் 3.2 மில்லிமீட்டராகிறது. ஆகவே 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளிகளை இட்டால், ஒரு நடைபாதை நெடுக அடுத்தடுத்துக் கண்ட பெட்டிகள்கூட ஒன்றையொன்று மறைக்காமல், தொட்டும் தொடாமலும் வரிசையாக நிற்கும். அதே தாளில் பிரிட்டன் தீவு முழுவதையும் அடக்க எண்ணி 1:10,00,000 திட்டத்துக்குச் சென்றால், அந்த இடைவெளி 0.16 மில்லிமீட்டராகச் சுருங்கி, நாள் முழுதும் நடந்த நடை ஒரே கறையாகிவிடும். சென்ற தூரத்தின் பரப்பைக் காட்டுவதா, நடந்த நடையின் நுணுக்கத்தைக் காட்டுவதா என்று தேர்ந்தாக வேண்டும். இரண்டையும் ஒரே தாள் தாங்காது. நுணுக்கத்தைத் தேர்வதே மேல் என்பது இக்கட்டுரையின் துணிபு. ஏனெனில், தொலைவைச் சொல்ல எண்களே போதும், நடையைச் சொல்ல நிலப்படம் வேண்டும்.

புதிர்ப் பெட்டிகள் வேறொரு முடிவைக் கோருகின்றன. அவ்வகையில் அறிவிக்கப்படும் அளவுகள் பொய்யானவை. புதிரை விடுவித்தவருக்கே உண்மையான இடம் தெரியவரும். கால் நின்ற இடத்தைக் காட்டுவதே நிலப்படத்தின் நேர்மை என்பதால், வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தில் உண்மை இடத்தையே குறிக்கலாம். ஆனால், அப்படத்தைப் புகைப்படமெடுத்துப் பொதுவில் பகிர்ந்தால் பெட்டியை வைத்தவரின் உழைப்பு வீணாகும்.

இவ்வாறு உருவாகி வரும் படத்தில் முதலில் கண்ணில் படுவது வீட்டைச் சுற்றிய அடர்த்தி. அடுத்து, வேலைக்குச் செல்லும் சாலையை ஒட்டியும் உறவினர் ஊருக்குச் செல்லும் வழியை ஒட்டியும் புள்ளிகள் கோடாக நீளும். விருப்பப்படி அலைந்ததாக எண்ணிய ஒருவர், கடமையும் பாசமும் இட்ட தடத்திலேயே பெரும்பாலும் நடந்திருப்பதைப் படம் எடுத்துக்காட்டும். இது குறையன்று. கால்கள் எதற்காகப் புறப்பட்டன என்பதற்குக் கிடைக்கும் மிக நம்பகமான சாட்சியம் இதுவே. நாட்குறிப்பில் ஒருவர் தம்மை அழகுபடுத்திக்கொள்ளலாம், நூற்றுக்கணக்கான புள்ளிகளின் பரவலை அவ்வாறு திருத்த இயலாது.

பிறகு வெற்றிடங்கள். அவற்றுள் சில வெளியிலிருந்து வந்தவை: டார்ட்மூரின் வடபகுதியில் ராணுவத்தின் சுடுபயிற்சிக் களங்கள் உள்ளன, பயிற்சி நாட்களில் அங்கு நுழைய அனுமதி கிடையாது. வேறு சில, எவரும் தடுக்காதபோதும் ஒருவர் செல்லாமலே விட்ட இடங்கள். அச்சிட்ட படத்தைக் கண்டதும் அவற்றை நிரப்பிவிட வேண்டும் என்ற வேட்கை எழுவது இயல்பு. அந்த வேட்கைக்கு இணங்கிப் புறப்படும் நாளிலிருந்து, வாழ்க்கையைப் பதிவு செய்ய வந்த படம் வாழ்க்கைக்குக் கட்டளையிடத் தொடங்கிவிடுகிறது; பார்க்க விரும்பிய குன்றை விட்டு, தாளில் காலியாக உள்ள கட்டத்தைத் தேடிச் செல்லும் நடை யாருக்காக நடக்கப்படுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இவ்வேட்கையைத் தணிக்க ஒரு வழி உண்டு. தளம் தரும் கோப்பு கண்டவற்றை மட்டுமே தொகுக்கிறது. தேடியும் கிடைக்காத இடங்களைப் பழைய குறிப்புகளிலிருந்து தனியே திரட்ட வேண்டும். அவற்றையும் உள்ளே நிறமிடாத வெற்று வட்டங்களாகப் படத்தில் சேர்ப்பது மிக அவசியம். மழையில் ஒரு மணி நேரம் பாசி படிந்த கற்களைத் தடவிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய மாலையும் அந்நிலத்தில் கழிந்த மாலையே. எண்ணிக்கை அதைத் தள்ளிவிடுகிறது, நிலப்படம் தள்ளத் தேவையில்லை. அவ்வாறே, பெட்டி அகற்றப்பட்டுப் பட்டியலிலிருந்து நீங்கிய இடங்களையும் அழிக்காமல் விட வேண்டும். பெட்டி போனாலும் அங்கு சென்றது போகவில்லை.

திரையிலுள்ள படம் ஒவ்வொரு கண்டெடுப்போடும் மாறிக்கொண்டே இருப்பதால், அது எந்நாளும் ஒருவரின் இன்றைய நிலையை மட்டுமே காட்டும். அச்சிட்ட தாளோ குறித்த ஒரு நாளில் நின்றுவிடுகிறது; ஐந்தாண்டு கழித்து வேறொரு தாள் அச்சிட்டால், இரண்டையும் அருகருகே வைத்து, வீடு மாறியதையும், ஒரு சாலை வழக்கொழிந்ததையும், ஓர் ஊருக்குப் போவது நின்றுபோனதையும் படிக்கலாம். ஆகவே, இப்படத்தை அச்சிட முனைவோர் கீழ் ஓரத்தில் அளவுத்திட்டத்தையும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு உரிய நன்றிக் குறிப்பையும், எல்லாவற்றுக்கும் மேலாக அச்சிட்ட தேதியையும் மறவாமல் இடுக. புதிய படம் வந்த பிறகும் பழையதைச் சுருட்டிப் பத்திரப்படுத்துக.