வேடமும் வெளிவேடமும்

தான் அல்லாத ஒருவராகத் தன்னைக் காட்டிக்கொள்வதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவர் உண்மையுள்ளவராக இருக்க இயலுமா? மேடையில் பொய்க்கண்ணீர் வடிப்பவரை நாம் பாராட்டுகிறோம். வீதியில் பொய்க்கண்ணீர் வடிப்பவரை வெறுக்கிறோம். இரண்டும் நடிப்புத்தானே! பின் எதனால் இந்த வேறுபாடு?

இந்த ஐயம் மிகப் பழமையானது. பிளேட்டோ தாம் கற்பனை செய்த இலட்சிய நாட்டில் பிறரைப் போலச் செய்து காட்டும் கலைக்கு இடமளிக்கத் தயங்கினார். நடிகனின் திறமை என்பது தன்னை மறைத்துப் போலியாய்த் தோன்றும் திறமையே என்று ரூஸோ 1758இல் வாதிட்டு, ஜெனீவா நகருக்கு நாடக அரங்கு வேண்டாம் என்றார். திருச்சபையும் நெடுங்காலம் நடிகர்களை ஐயத்தோடுதான் நோக்கியது. 1730இல் பாரிசில் மறைந்த புகழ்பெற்ற நடிகை அத்ரியேன் லெகூவ்ரேருக்குக் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்பட்டது. இரவோடு இரவாக ஒரு வெற்று நிலத்தில் அவரது உடல் புதைக்கப்பட்டது.

நற்செய்தி நூல்களில் இயேசு கடுமையாகச் சாடும் 'வெளிவேடக்காரர்' என்னும் சொல்லையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். அதன் கிரேக்க மூலச் சொல் மேடை நடிகரைக் குறித்த சொல்லே. தமிழிலும் 'வேடம்' என்ற கூத்துச் சொல்லிலிருந்துதானே 'வெளிவேடம்' பிறந்தது! அப்படியானால் நடிகரும் வெளிவேடக்காரரும் ஒருவரேதானா? இக்கேள்விக்கு விடை தேட, பால்டிக் கடலோரத்துச் சிறு நாடான எஸ்தோனியாவின் மேடையில் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்மணியின் வாழ்வு நமக்கு உதவக்கூடும்.

அவர் பெயர் இத்தா எவர். 'எவர்?' என்று தமிழில் வினாவாகவே ஒலிக்கும் அப்பெயர், எத்தனையோ மாந்தராக மேடையேறியவருக்குப் பொருத்தமாகத்தான் அமைந்துவிட்டது! 1931 ஏப்ரல் முதல் நாளில் பைடே என்னும் சிற்றூரில் பிறந்தார். மாஸ்கோவின் நாடகக் கலைக் கல்லூரியில் எஸ்தோனிய மாணவர்க்கென அமைந்த பிரிவில் பயின்று, ஸ்டாலின் இறந்த ஆண்டாகிய 1953இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு தலைநகர் தாலினில் உள்ள எஸ்தோனிய நாடக அரங்கில் சேர்ந்தார். 2023 ஆகஸ்டில் தம் 92ஆம் வயதில் அவர் மறையும் வரை, அந்த அரங்கின் பெயரும் அவர் பெயரும் பிரிக்க முடியாதபடி இணைந்தே இருந்தன. நகைச்சுவையும் துயரமும் ஒருங்கே கைவந்த அவரை எஸ்தோனிய மக்கள் தம் வீட்டு மூதாட்டியைப் போல நேசித்தனர்.

அவர் மேடையேறிய காலம் எத்தகையது? 1940இல் சோவியத் ஒன்றியம் அந்நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1944இல் செம்படை மீண்டும் நுழைந்தபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் படகேறி வெளிநாடுகளுக்கு ஓடினர். 1949 மார்ச்சில் ஒரு சில நாள்களுக்குள் இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. இத்துயரைப் பற்றிப் பொது இடத்தில் வாய் திறக்க எவருக்கும் உரிமை இல்லை. மக்கள் விரும்பியே சோவியத் ஒன்றியத்தில் இணைந்தனர் என்று பள்ளிப் பாடநூல் கூறியது. பிள்ளைகள் அதை ஒப்புவித்தனர். ஒரே ஒரு வேட்பாளர் நிற்கும் தேர்தலில் மக்கள் வாக்களித்தனர். விழா நாள்களில் கொடி பிடித்து ஊர்வலம் சென்றனர்.

ஆக, ஒரு நாடே வேடமிட்டு வாழ்ந்தது. அந்த வேடத்தை மக்கள் ஆசையால் அணியவில்லை, அச்சத்தால் அணிந்தனர். அத்தகைய நாட்டில் மாலை வேளையில் ஒருவர் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு நாடக அரங்கினுள் நுழைகிறார் என்று எண்ணிப் பாருங்கள். வெளியே அவர் நடிகர். உள்ளே அவர் பார்வையாளர். பகலெல்லாம் அணிந்திருந்த முகத்தை இருட்டில் சற்றே கழற்றி மடியில் வைத்துக்கொள்ள அவருக்கு அங்கே இடம் கிடைத்தது. மேடையில் ஒரு பெண் தன் இழப்பை எண்ணி அழும்போது, தன் வீட்டில் பேச முடியாத இழப்புக்காக அவரும் அழலாம். நாடகத்தின் சொற்களை அரசின் தணிக்கையாளர் படித்து ஒப்புதல் தந்திருப்பார். ஆனால் இரு சொற்களுக்கு இடையே நடிகை நிறுத்தும் அந்த நொடியை எந்தத் தணிக்கையாளரால் வெட்ட முடியும்? அதுவும் அத்தனையும் தாய்மொழியில்! ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மட்டுமே பேசும் ஒரு மொழி, உயிருள்ள குரலாய் நாள்தோறும் ஒலிக்க அந்த மேடை இடம் தந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அதனை எளிதில் தள்ளிவிடலாகாது. அந்த அரங்கு அரசின் பணத்தில் நடந்தது. 1922இல் எஸ்தோனியக் குடியரசால் சுட்டுக் கொல்லப்பட்ட கம்யூனிஸ்டுத் தலைவர் விக்தோர் கிங்கிசெப்பின் பெயரைச் சோவியத் காலத்தில் பல்லாண்டுகள் அது சுமந்தது. ஆட்சியாளர் விரும்பிய நாடகங்களும் அங்கே அரங்கேறின. இத்தா எவருக்குச் சோவியத் எஸ்தோனியாவின் 'மக்கள் கலைஞர்' என்ற பட்டமும் வழங்கப்பட்டது. நாட்டைவிட்டு ஓடியவரே தூயவர், தங்கியவர் ஒத்துப்போனவர் என்று கூறலாமா?

அவ்வாறு கூறுவது எளிது. ஆனால் எல்லாரும் ஓடிவிட்டால், ஓட இயலாதவர்களுக்கு யார் நாடகம் நடத்துவார்கள்? தங்கியிருந்து தொண்டாற்றுவோரின் கைகளில் சிறிது கறை படியவே செய்யும். அக்கறையை இல்லை என்று மறைப்பதும் தவறு. அதை மட்டுமே கண்டு அவர்கள் ஆற்றிய பணியை மறப்பதும் தவறு. 1991இல் நாடு மீண்டும் விடுதலை பெற்ற பின் அம்மக்கள் இத்தா எவரை ஒதுக்கிவிடவில்லை. எந்த ஆட்சியின் கீழ் நடித்தார் என்பதோடு, எவருக்காக நடித்தார் என்பதையும் அவர்கள் நினைவில் வைத்திருந்தனர்.

நாம் தேடிய விடையும் இங்கேதான் கிடைக்கிறது. வெளிவேடக்காரர் தம் வேடத்தை மறைக்கிறார்; பார்ப்பவர் ஏமாந்தால்தான் அவருக்கு வெற்றி. நடிகரோ தம் வேடத்தை அறிவித்துவிட்டே அணிகிறார். திரை விழுந்ததும் தலைவணங்கி, ஒப்பனையைக் களைந்துவிடுகிறார். வெளிவேடக்காரர் தமக்குப் புகழோ பாதுகாப்போ தேடிப் பிறருடைய நற்பண்பை இரவல் வாங்குகிறார். நடிகர் தம் உடலையும் குரலையும் வேறொருவரின் துன்பத்திற்கு இரவல் கொடுக்கிறார். வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடே வெளிவேடத்திற்கும் வேடத்திற்கும் உள்ள வேறுபாடு எனலாம்.

1983இல் வெளிவந்த ஒரு சோவியத் திரைப்படத்தில் இத்தா எவர் ஏற்ற பாத்திரம் இங்கே நினைவுக்கு வருகிறது. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதை ஒன்றைத் தழுவிய அப்படத்தில் அவர் மிஸ் மார்ப்பிளாக நடித்தார். மிஸ் மார்ப்பிள் யார்? பின்னல் வேலையோடு மூலையில் அமர்ந்து, யாரும் பொருட்படுத்தாத வேளையில் ஒவ்வொருவரின் முகமூடியையும் அமைதியாய் ஊடுருவிக் காணும் முதிய பெண்மணி! பொய் சொல்வோரை அடையாளம் காணும் பாத்திரத்தை, பொய் முகங்களையே தொழிலாகக் கொண்ட ஒருவர் ஏற்றார். பிறர் உள்ளத்தினுள் புகுந்து பார்க்கப் பழகியவருக்கு, அங்கே மறைந்திருப்பதும் தெரியத்தானே செய்யும்?

அவருடைய மகன் ரோமன் பாஸ்கினும் நடிகர், இயக்குநர். 2018இல் அவர் தாய்க்கு முன்பே இறந்துவிட்டார். மேடையில் எத்தனையோ பேரின் துயரத்தைச் சுமந்த அந்தத் தாய், 87ஆம் வயதில் எவருடைய வேடமும் இன்றித் தம் சொந்தத் துயரைச் சுமக்க நேர்ந்தது.

திரைப்படச் சுருள்கள் எஞ்சியிருக்கின்றன. ஆனால் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் அவர் மேடையில் தந்தவற்றுள் பெரும்பகுதி அந்தந்த மாலையோடு கரைந்துபோயிற்று. பார்த்தவர் நெஞ்சில் மட்டுமே அதற்கு இடம். அவர்களும் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். மிச்சம் வைக்காமல் கொடுக்கும் கொடை அப்படித்தான் இருக்கும் போலும்.

அன்பர்களே, நாமும் நாள்தோறும் வேடங்கள் ஏற்கிறோம். உள்ளம் சோர்ந்திருக்கையிலும் நோயாளியின் அருகே புன்னகையோடு அமரும் செவிலியும், கையில் காசில்லாத கவலையைப் பிள்ளைகள் அறியாமல் கதை சொல்லித் தூங்கவைக்கும் தந்தையும் நடிக்கத்தான் செய்கிறார்கள். அது பொய்யாகுமோ என்று மனம் கலங்கும்போது, ஒரு கேள்வியை மட்டும் நம்மையே கேட்டுக்கொள்வோம்: இந்த வேடத்தால் நான் பெறுகிறேனா, கொடுக்கிறேனா?