சீட்டுக் கட்டும் பொறுப்பும்

சென்ற வருஷம் அம்மாமண்டபம் படித்துறை வழியில் ஒரு கிளி ஜோஸ்யக்காரர் முன் உட்கார்ந்தேன். உத்திர வீதி வீட்டை விற்கலாமா என்பது கேள்வி. விற்றால் அம்மா எங்கே இருப்பாள் என்பது நான் கேட்காமல் விட்டது. கிளி வந்து ஒரு சீட்டை இழுத்துப் போட்டது; நெல்லைக் கொத்திக்கொண்டு கூண்டுக்குள் போயிற்று. முருகன் படம். நல்ல காலம் என்றார். கட்டு என்னுடையதல்ல, இழுத்ததும் நானல்ல. அந்த நிம்மதி எனக்குப் பிடித்துப்போனதுதான் இன்னமும் உறுத்துகிறது. (கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் வருஷ வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதிலும் எனக்குப் பங்கு உண்டு.)

பிறகு, நானே பார்க்க ஒரு டாரட் கட்டு வாங்க நினைத்தேன். புதியவனுக்கு எல்லோரும் சொல்வது 1909இல் லண்டனில் வெளியான வெய்ட்டின் கட்டு. 78 சீட்டுகள். பமீலா கோல்மன் ஸ்மித் எண் சீட்டுகளுக்கும் காட்சி வரைந்திருக்கிறார். ஐந்து கோப்பை என்றால், கவிழ்ந்த மூன்று கோப்பைகளைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்கும் கறுப்பு அங்கிக்காரன். அதைவிடப் பழைய மார்சேய் கட்டில் ஐந்து கோப்பை என்பது ஐந்து கோப்பை, கொஞ்சம் பூவேலை. அவ்வளவுதான்.

வெய்ட்டின் கட்டு சுலபம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சுலபத்தில்தான் சந்தேகம். ஸ்மித்தின் சித்திரம் எனக்கு முன்பே துக்கப்பட்டுவிடுகிறது. சீட்டு சொல்லிற்று என்று நான் தப்பித்துக்கொள்ளலாம். வெறும் கோப்பைகளில் துக்கம் தெரிந்தால் அது நான் கொண்டுபோனது. கவிதைப் படிமம் பற்றி நமக்குள் நடக்கும் சண்டையும் ஏறக்குறைய இதுதான்.

மார்சேய் கட்டையே வாங்கினேன். இன்னும் பிரிக்கவில்லை. வீடு பற்றி அம்மாவிடமும் பேசவில்லை. மேஜைமேல் கிடந்ததை எடுத்துப் பார்த்து, "என்னடா, சீட்டாடப் போறியா?" என்று கேட்டாள்.