ஏறாமல் விட்ட மலை

பூட்டானில், பாரோ. இன்னும் முழுதாக விடியவில்லை.

ஆற்றின் ஓசை. இரவெல்லாம் இருந்திருக்க வேண்டும். காது இப்போதுதான் அங்கே போகிறது.

இந்த உயரத்தில் மூச்சு தெரிகிறது. உள்ளே போவது தெரிகிறது. வெளியே வருவதும்.

*

தகரக் கூரைகளில் மிளகாய் காய்கிறது. அறுத்த வயலில் வைக்கோல். இங்கே சோறு சிவப்பு. மிளகாயையே காய்கறியாக எடுத்து, பாலாடைக்கட்டியோடு வேகவைத்துத் தருகிறார்கள். எமா தட்சி.

நாக்கு எரிகிறது. எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெல்ல அடங்குகிறது.

*

பைன் மரங்களுக்கு நடுவே பாதை ஏறுகிறது. கிளைகளில் மரப்பாசி தாடிதாடியாகத் தொங்குகிறது. ஓடைநீர் ஒரு பிரார்த்தனைச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சுற்றும்போதெல்லாம் ஒரு மணி. அருகில் யாரும் இல்லை.

நிற்கிறேன். நெஞ்சின் துடிப்பு காதுக்குள் கேட்கிறது. மறுபடி நடக்கிறேன்.

எதிரே செங்குத்துப் பாறை. பாறையில் ஒட்டியபடி தக்சங் மடம். கடல் மட்டத்திலிருந்து 3,120 மீட்டர். அதற்கு 900 மீட்டர் கீழே பள்ளத்தாக்கு, வயல், ஆறு. ஓசை இங்கே வரவில்லை.

எட்டாம் நூற்றாண்டில் பௌத்த குரு பத்மசம்பவர் பெண்புலியின் முதுகில் பறந்து வந்து இந்தக் குகையில் தவமிருந்தார் என்கிறார்கள். குகையை ஒட்டி 1692 இல் மடம் எழுகிறது. 1998 இல் தீப்பிடிக்கிறது. 2005 இல் மறுபடி எழுந்து நிற்கிறது. சுவரைத் தொடுகிறேன். பழைய சுவர் என்று கை நம்புகிறது. புதிய சுவர் என்று அறிவு சொல்கிறது. இரண்டையும் அப்படியே விடுகிறேன்.

வாசலில் பையையும் கைபேசியையும் கொடுத்துவிட வேண்டும். காலணியைக் கழற்ற வேண்டும். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சற்று நேரத்தில் அதுவும் மறந்துபோகிறது.

வெண்ணெய் விளக்கின் வாடை. பலகைத் தரையின் குளிர் உள்ளங்காலில் ஏறுகிறது.

*

புனாகா. ஆண் ஆறு என்றும் பெண் ஆறு என்றும் சொல்கிறார்கள். ஃபோ சூ. மோ சூ. இரண்டும் கூடும் முனையில் ஜோங். கோட்டையும் மடமும் ஒன்றான கட்டடம்.

1616 இல் திபெத்திலிருந்து மலை தாண்டி வருகிறார் ஷப்த்ருங் ஙவாங் நம்க்யால். இருபது வயதைத் தாண்டிய இளம் துறவி. தனித்தனியாகக் கிடந்த பள்ளத்தாக்குகளை ஒரு நாடாக்குகிறார். 1637 இல் இந்த ஜோங்கின் வேலை தொடங்குகிறது.

1651. அவர் ஓர் அறைக்குள் போகிறார். தவத்தில் இருக்கிறார் என்று அறிவிக்கிறார்கள்.

வேளைக்கு வேளை உணவு உள்ளே போகிறது. அவர் பெயரில் ஆணைகள் வெளியே வருகின்றன. அறைக்குள் உயிர் இல்லை.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படி.

ஒரு குழந்தை பிறந்து, அந்த ஆணைகளுக்குக் கீழ்ப்படிந்து, நரைத்துப்போகும் காலம். நாடு உடையாமல் இருக்கிறது. எல்லையில் படைகள் வந்து போகின்றன.

தட்டை எடுத்துச் சென்றவரையே மனம் சுற்றி வருகிறது. கதவைத் திறப்பவர். வைப்பவர். சாத்திக்கொண்டு திரும்புபவர். அவருக்கும் வயதாகியிருக்கும். அவருக்குப் பின் இன்னொருவர் தட்டை வாங்கியிருப்பார். முதல் நாள் அவரிடம் என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

உடல் இன்றும் இந்த ஜோங்கில்தான் இருக்கிறது. அந்தச் சன்னிதி வருகிறவர்களுக்குத் திறப்பதில்லை. முற்றத்தில் வெயில். ஒரு பையன், சிவப்பு ஆடை, ஓடிக்கொண்டே எதையோ மனப்பாடம் செய்கிறான்.

*

அதே ஃபோ சூ. 1994 அக்டோபர் 7. மேலே வடக்கே, பனியாறு உருகித் தேங்கிய லுக்யே ஏரியின் கரை உடைகிறது. மலை இடுக்குகள் வழியே நீர் புனாகாவுக்கு வந்து சேருகிறது. ஜோங்கின் ஒரு பகுதி சேதம். 21 பேர் இறந்துபோகிறார்கள்.

அதற்குப் பக்கத்திலேயே இன்னோர் ஏரி. தோர்தோர்மி. 2009 முதல் சில கோடைகள், நூற்றுக்கணக்கானவர்கள் பல நாள் நடந்து அங்கே ஏறுகிறார்கள். உறையும் நீரில் நின்று, கடப்பாரையாலும் கையாலும் கல்லைப் பெயர்த்து, வாய்க்கால் வெட்டுகிறார்கள். ஏரி ஐந்து மீட்டர் இறங்குகிறது.

ஐந்து மீட்டர். எழுதிவிட்டு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்தக் கால்களின் மரப்பு இந்த எண்ணுக்குள் இருக்கிறது.

நாட்டின் நிலத்தில் 60 விழுக்காடு என்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று இவர்களுடைய அரசியல் சட்டம் சொல்கிறது. இப்போது அதைவிட அதிகம். பனி உருகுவதற்கான சூடு வேறெங்கோ மூட்டப்படுகிறது.

*

டோச்சுலா கணவாய். மேகம் உள்ளே வந்து, சோர்ட்டன் என்னும் 108 தூபிகளையும் எடுத்துக்கொள்கிறது. முகத்தில் ஈரம். பிரார்த்தனைக் கொடிகள் படபடக்கும் ஓசை மட்டும்.

காத்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. பிறகு, காத்திருக்கவில்லை. நிற்கிறேன்.

மேகம் கொஞ்சம் விலகுகிறது. பனிமலை வரிசை. அதில் எங்கோ கங்கர் புவென்சும். 7,570 மீட்டர். 1980களில் சிலர் முயன்று, முடியாமல் திரும்பினார்கள். 1994 இல் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறத் தடை வருகிறது. 2003 இல் மலையேற்றமே நிற்கிறது. மேலே தெய்வங்கள் இருக்கின்றன. கீழே இருப்பவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நாடு கேட்டது.

உலகில் மனிதக் கால் படாத சிகரங்களில் மிக உயரமானது அது. எந்தச் சிகரம் அது என்று கேட்க நா எழுகிறது. கேட்கவில்லை. மேகம் மூடுகிறது.

*

தெற்கு. வரைபடத்தில் விரல் இறங்குகிறது. சம்ட்சி. சிராங். சர்பாங். ஆரஞ்சுத் தோட்டம், ஏலக்காய். நேபாளி பேசும் லோட்ஷாம்பா மக்களின் ஊர்கள்.

1980களின் முடிவு. கணக்கெடுப்பு. யார் குடிமகன், யார் இல்லை. வடக்கின் உடை எல்லாருக்கும். பள்ளிக்கூடத்தில் நேபாளி நிற்கிறது. 1990 இல் எதிர்ப்பு ஊர்வலங்கள். அதன் பின் சில ஆண்டுகளுக்குள் கிழக்கு நேபாளத்தில் மூங்கில் குடிசை முகாம்கள். அவற்றில் இந்த மக்கள் ஒரு லட்சம் பேர்.

இந்த நாட்டின் மக்கள்தொகை எட்டு லட்சத்துக்கும் கீழ்.

முகாமில் பிறந்த பிள்ளைகள் முகாமிலேயே பெரியவர்களாகிறார்கள். 2007க்குப் பிறகு அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கோ குடியமர்த்தப்படுகிறார்கள். ஊர் திரும்புவதற்கு வழி திறக்கவில்லை. மகிழ்ச்சியை அளந்து பார்க்கலாம் என்று இதே நாடு உலகத்துக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான்.

தாள் கனக்கிறது. பேனாவை எடுக்கவில்லை. புனாகாவின் மௌனத்தையும் இதையும் ஒரே சொல்லால் எழுத முடியவில்லை. அங்கே ஒருவருடைய சாவு மறைந்திருந்தது. இங்கே வீட்டுக்காரர்கள் வெளியே நிற்கிறார்கள்.

ஆரஞ்சுப் பழங்களை யார் பறிக்கிறார்கள் இப்போது.

*

1958 இல் நேரு இங்கே வருகிறார். சும்பிப் பள்ளத்தாக்கு வழியாக, குதிரையிலும் யாக்கிலும். திம்புவுக்கு அப்போது மோட்டார் சாலை இல்லை.

1974 இல் நான்காம் மன்னரின் முடிசூட்டு விழா. விருந்தினருக்காகக் கட்டிய விடுதிகள் மிச்சம். பயணிகளுக்குக் கதவு திறக்கிறது. முதல் ஆண்டில் வந்தவர்கள் முந்நூறுக்கும் குறைவு.

தொலைக்காட்சி வருவது 1999 இல்.

சட்டைப்பையில் சுற்றுலாக் கட்டண ரசீது. இந்தியருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். மற்ற நாட்டவருக்கு 2022 இல் 200 டாலர், அடுத்த ஆண்டில் 100. பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் போகிறது என்கிறார்கள். இங்கே இரண்டும் இலவசம். நியாயம் என்றே படுகிறது. கூட்டம் இல்லாத பாதையில் நடந்தபோதும் அப்படித்தான் பட்டது.

*

திம்பு. போக்குவரத்து விளக்கு இல்லாத தலைநகரம். நாற்சந்தியில் வெள்ளைக் கையுறை போட்ட காவலர் கையை அசைக்கிறார். கார்கள் நிற்கின்றன. போகின்றன. கையை மட்டும் பார்த்தபடி கொஞ்ச நேரம்.

மூலையில் ஒரு கடை. டோமா மடித்து வைத்திருக்கிறார்கள். வெற்றிலை, சுண்ணாம்பு, ஈரப்பாக்கு. மென்றதும் காது சூடாகிறது.

கடையில் இருக்கும் பெண் ஆங்கிலத் தேர்வுப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுகிறாள். அண்ணன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் என்கிறாள். சில்லறை எண்ணித் தருகிறாள். அடுத்த மாதம் தேர்வு.