மீட்பா, இணைப்பா?

தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-இல் வந்தது. அதில் பிழை கண்டால் படிப்பவன் பெருமூச்சு விடலாம், திருத்த முடியாது. 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ எவரும் எழுதலாம், எவரும் அழிக்கலாம்! அழிக்கும் உரிமை பெற்றவனுக்கு அறம் எது? இக்கேள்வி நம்மை நோக்கியே எழுந்தது.

வடக்கெல்லைப் போராட்டம் பற்றிய கட்டுரையைப் பேணும் பணியை நாம் விரும்பி ஏற்றோம். மாணவர் குறிப்பேடுகளைத் திருத்தி முடித்த இரவுகளில் அதற்கு அமர்வோம். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனோடு சென்றது. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் மக்களைத் திரட்டினர். சிறை சென்றோர் பலர். படாஸ்கர் நடுவராக அமர்ந்தார். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி வந்தது. திருப்பதியும் சித்தூரும் வரவில்லை. “திருத்தணியை மீட்டோம்” என எழுதினோம். எழுதும்போதே நெஞ்சு நிமிர்ந்தது!

முகமறியா அன்பர் ஒருவர் அதனை “இணைக்கப்பட்டது” என மாற்றினார். அதே நாளில் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் ஊர்கள் சில ஆந்திரத்துக்குத் தரப்பட்டன என்றும் சேர்த்தார். சான்று? நாடாளுமன்றம் 1959-இல் இயற்றிய எல்லை மாற்றச் சட்டம்! நாம் அதை அழித்தோம். காரணம் கேட்கும் கட்டத்தில் “தேவையற்ற செய்தி” என்று குறித்தோம்.

பொய்யா அது? இல்லை. மெய்யென்று அறிந்தே அழித்தோம். பிறர் கதைகளுக்கெல்லாம் சான்று கேட்கும் நாம், சான்றோடு வந்த செய்தியைத் துரத்தினோம்.

“மண்ணை இழந்தவனுக்கு நடுநிலை எதற்கு? அவர்கள் கதையை அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்” என்பர் நண்பர் சிலர். நடுநிலை என்பது உண்மையைச் சரிபாதியாக அறுத்துப் பங்கிடுவதன்று. சிறை சென்றவர் சென்றவரே. அதில் பாதியைக் குறைக்க எவரும் கேட்கவில்லை. தமிழ்ப்பற்று, எதைப் பற்றி எழுதலாம் என்று நமக்குச் சொல்லட்டும். எதை அழிக்கலாம் என்று சொல்ல அதற்கு உரிமை ஏது?

நம் திருவண்ணாமலை 1989 வரை வடஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்த ஊர். அந்த வடஆர்க்காட்டிலிருந்து வட்டங்களைப் பிரித்தே 1911-இல் சித்தூர் மாவட்டத்தை ஆக்கினர். இன்று முழுநிலா நாளில் மலை சுற்றும் சாலையில் நின்று பாருங்கள். தமிழோடு தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். அக்கூட்டத்தினிடையே நடந்தபோதுதான் உறைத்தது: கைமாறிய அந்த ஊர்களில் தமிழ்க்குடும்பம் ஒன்றேனும் இருந்திராதா? தெலுங்கரை மறைப்பதாக எண்ணி, தமிழரையுமல்லவா மறைத்தோம்!

அன்றிரவே அன்பரின் வரியை மீண்டும் இட்டோம். “மீட்பு” என்ற சொல்லையும் விட்டுவிடவில்லை. “போராடியோர் இதனை மீட்பு என்றனர்” என்று உரியவர் வாயில் வைத்தோம். பேச்சுப் பக்கத்தில், பிழை நம்முடையது என்று அன்பருக்கு எழுதினோம். மறுமொழி இன்னும் வரவில்லை.

நாம் அழித்த நாளும் மணியும், எழுதிய பொய்க் காரணமும், “வரலாறு” என்னும் பக்கத்தில் நம் பெயரோடு நிற்கின்றன. வகுப்பில் அக்கட்டுரையைத் திறக்கும்போது, அப்பக்கத்தையும் மாணவருக்குக் காட்டுகிறோம்.