மருந்தென்று பெயரிட்ட நஞ்சு

திருவில்லிபுத்தூரின் மடவார் வளாகம் தொடங்கி இராஜபாளையம் வரை எந்த உழவரிடம் பேசினாலும், “பயிருக்கு மருந்து அடிக்க வேண்டும்” என்பார். நஞ்சு என்று சொல்லமாட்டார். மனம் நொந்த ஒருவர் அதனையே அருந்தி உயிர்நீத்தாலும், “மருந்தைக் குடித்துவிட்டார்” என்றே நாம் பேசுகிறோம். உயிரைப் பறித்த பின்னும் அதன் பெயர் மாறுவதில்லை. இனிய பெயரின் நிழலில் நம் பொறுப்பும் மறைந்துகொள்கிறதோ?

இந்நஞ்சுகளுள் சில, வேலை முடிந்ததும் அழிந்துபோவதில்லை. டி.டி.டி. போன்றவை மண்ணில் பல்லாண்டுகள் சிதையாமல் கிடக்கும். உயிர்களின் கொழுப்பில் படியும். ஓர் உயிரை மற்றோர் உயிர் உண்ண உண்ணப் பெருகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், 12 மாநிலங்களில் எடுக்கப்பட்ட 2,205 பால் மாதிரிகளுள் 82 விழுக்காட்டில் டி.டி.டி. காணப்பட்டது. பால்கோவாவால் பெயர்பெற்ற ஊராருக்கு இது வெறும் புள்ளிவிவரமாகுமா? மடவார் என்னும் சொல்லுக்கு மகளிர் என்பது பொருள். தாய்ப்பாலிலும் இந்நஞ்சு கலந்து, எக்குற்றமும் அறியாத மழலையின் உடலைச் சென்று சேர்கிறது.

இதற்கு யாரைக் குற்றம் சொல்வது? டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று 1939-இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மலேரியாவினின்று எண்ணற்றோரைக் காத்த பொருள் அது. அறியாமல் செய்ததைப் பழிப்பது நீதியன்று. ஆனால், அறிந்த பின்? ரேச்சல் கார்சன் 1962-இலேயே தம் நூலின் வழி உலகை எச்சரித்தார். வேளாண்மையில் டி.டி.டி.க்கு இந்தியா தடை விதித்தது 1989-இல்தான். கொசு ஒழிப்புக்கு அதன் பிறகும் இடம் தரப்பட்டது. அறிவு வந்த நாளுக்கும் செயல் வந்த நாளுக்கும் இடையே 27 ஆண்டுகள்! அறியாமைக்கு மன்னிப்பு உண்டு, இத்தாமதத்திற்கு உண்டா?

சட்டங்கள் வராமல் இல்லை. நிலைத்து நிற்கும் 12 நச்சு வேதிப்பொருள்களை ஒழிக்கவும் கட்டுப்படுத்தவும் 2001-இல் உருவான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006-இல் ஏற்றது. மேலும் 7 பொருள்களை 2018-இல் விதி வகுத்துத் தடை செய்தது. பழைய மின்மாற்றிகளின் எண்ணெயிலுள்ள பி.சி.பி. என்னும் நஞ்சின் பயன்பாட்டை 2025 டிசம்பர் 31-க்குள் முற்றிலும் நிறுத்தவேண்டும் என்று 2016-இல் ஆணையிட்டது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. எனினும், தடை என்பது இனி ஊற்றாதே என்று சொல்லும். ஊற்றியதைத் திரும்ப அள்ளாது.

இவ்வுண்மையைக் காசர்கோடு நமக்கு உணர்த்துகிறது. பருத்திக் காய்ப்புழுவுக்காக நம் நாட்டு உழவர் தெளித்த அதே எண்டோசல்பானை, கேரள அரசின் தோட்டக் கழகம் அங்கே முந்திரித் தோட்டங்களில் 2000-ஆம் ஆண்டு வரை வானிலிருந்து தூவியது. உச்ச நீதிமன்றம் 2011-இல் அதனைத் தடை செய்தது. பாதிக்கப்பட்டோர்க்கு ஆளுக்கு 5 இலட்சம் ரூபாய் தருமாறு 2017-இல் ஆணையிட்டது. 2022-இல் அம்மன்றமே கணக்குக் கேட்டபோது, 3,704 பேருள் 8 பேருக்கு மட்டுமே அத்தொகை சேர்ந்திருந்தது.

தீமையை விட்டுவிடுதல் ஒன்று. தீமைக்கு ஈடு செய்தல் வேறொன்று. பிறர் பொருளைக் கவர்ந்தவன், இனிக் கவரமாட்டேன் என்று சொன்னால் மட்டும் நேர்மையாளன் ஆவானா? கவர்ந்ததைத் திருப்பித் தரவேண்டும் அன்றோ? தூய மண்ணையும் நீரையும் நாம் கவர்ந்திருப்பது, இன்னும் பிறவாதவர்களிடமிருந்து. வழக்காட அவர்களுக்கு வாயில்லை.

ஆகவே, நோயுற்றோர்க்குரிய இழப்பீட்டையும், தேங்கிக் கிடக்கும் நஞ்சை முறையாக அழிக்கும் செலவையும் தருமமென எண்ணலாகாது, அவை கடன். அரசின் கடனோடு நமக்கும் சிறு பங்கு உண்டு. நஞ்சு இருந்த டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொண்டு வைக்கும் வழக்கத்தை நம் வீடுகளில் நிறுத்துவோம். அதற்கு முன்பாக, நஞ்சை நஞ்சென்றே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.