எச்சம் எவருடையது?

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவன் அதன் பயனுக்கு உரியவனாகிறான். அதன் எச்சத்திற்கு உரியவன் யார்? தொழில் நகரங்கள் சுழற்சிப் பொருளாதாரத்திற்கு மாற வேண்டும் என்று அறிஞர் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் இவ்வினாவே எழுகிறது.

பாலாற்றங்கரை நகரங்களான வாணியம்பாடியையும் ஆம்பூரையும் எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடுதல் அங்கே தலைமுறைத் தொழில். நம் சமுதாயத்தார் பலர் அதனால் செல்வம் ஈட்டினர், கல்விச்சாலைகளும் கண்டனர். அத்தொழிலுக்குச் சுழற்சி புதியதன்று. தோலினின்றும் சுரண்டியெடுக்கும் சதை பசையாகிறது. பதனிடும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தோல் ஏற்பதில்லை. அது நீரிலேயே தங்கிவிடும். அந்நீரில் மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்தால் குரோமியம் வண்டலாகப் படியும். வண்டலைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிட உதவும். விலையுள்ள பொருள் திரும்பி வர எப்படியும் ஒரு வழி பிறந்துவிடுகிறது!

உப்பின் கதை வேறு. பச்சைத்தோல் அழுகாதிருக்க இட்ட உப்பு, ஊறவைக்கும்போது கரைந்து வெளியேறுகிறது. கழிவுநீரை வடிகட்டி, எஞ்சும் உவர்நீரைக் காய்ச்சினால் நீர் ஆலைக்குத் திரும்பும். பல அழுக்குகள் கலந்த உப்பையோ வாங்குவாரில்லை. அது குவிந்து கிடக்கும். வட்டம் அறுபடுவது இங்கேதான்.

மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை, இந்நகரங்களைப் பற்றிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியென ஏற்றது. 2025 ஜனவரி 30 அன்று அதே மன்றம் அதே ஆற்றுக்காக மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. இடையில் கழிந்தவை 28 ஆண்டுகளுக்கும் மேல்.

ஆதாயம் எவனுக்கோ பொறுப்பும் அவனுக்கே என்பது ஃபிக்ஹுக் கலையில் நாம் மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும் விதி. கூட்டு வாணிபத்திற்குப் பொருந்துவது உப்புக் குவியலுக்குப் பொருந்தாதோ? அயல்நாட்டார் குறிக்கும் விலைக்கு விற்கும் எம்மால் இச்சுமையைத் தாங்க இயலுமா என்று சிறு முதலாளி கேட்பார். நியாயமான கேள்வியே. அத்தோலில் செய்த காலணியை அணிவோரும் ஆதாயத்தின் பங்காளிகள். எனவே பொறுப்பிலும் அவர்களுக்குப் பங்குண்டு. ஆயின், அதைக் காட்டி முதற் பங்காளி விலகிக்கொள்ள முடியாது.

மீளாத எச்சத்தைத் தொடக்கத்திலேயே குறைப்பதன்றி வேறு வழியில்லை. ஊறவைக்குமுன் தோலை உதறி ஒட்டிய உப்பை உதிர்க்கலாம். உரித்தவுடன் குளிரூட்டினால் உப்பின் தேவையே குறையும். முன்னதற்குக் கூலி வேண்டும்; பின்னதற்கு மின்சாரம் வேண்டும். இச்செலவு தோலின் விலையில் ஏறாதவரை, ஒரு தோலும் விற்றறியாத உழவர் தம் கிணற்று நீரை இழந்து அதைச் செலுத்தி வருகின்றார்.